வாசலைத் தாண்டாத லென்ஸ்

அத்தியாயம் 6

பெரியநாயகி திருடவில்லை என்று கமலவேணிக்கு உறைத்த இடம் ஒரு கேமரா கடை. அன்று காலையில் இருந்து அதுவரை, திருடியிருப்பாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் கமலவேணியின் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்த பெரியநாயகி நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டாள். மலாக்காவின் செங் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை. அந்தச் சீருடையிலேயே வந்திருந்தாள். நியாலாஸ் பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில். திருவிழா அன்று அம்மன் கழுத்திலிருந்த பொட்டுத்தாலி காணாமல் போய்விட்டது. எடுத்ததைப் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் ஒரு போட்டோ இருந்தது, கோயிலின் வாட்ஸ்அப் குழுவில் எல்லார் கைப்பேசியிலும். கருவறையில் அம்மன், அம்மன் கழுத்தில் பெரியநாயகியின் வலது கை, விரல்நுனி தாலிக் கயிற்றின்மேல். பக்கத்தில் பூசாரிகூட இல்லை.

எல்லாரும் கரகம் வருவதைப் பார்க்க வெளியே ரோட்டுப் பக்கம் ஓடிவிட்டார்கள், தான் மட்டும் கருவறைக்கு முன்னால் கட்டிய தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, எப்போதும் போல அம்மனை நோக்கிக் கை நீட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டதாக அவள் சொன்னாள். கயிற்றைத் தாண்டவில்லை என்று மூன்று விதமாகச் சொன்னாள். கேட்கத்தான் ஆளில்லை. அன்று சாயங்காலப் பூசையில் அவள் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று கோயில் தலைவர் பரமேஸ்வரன் மைக்கில் அறிவித்துவிட்டார். எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் எடுக்கவில்லை என்று ஊர் முன்னால் சொல்ல வேண்டும். அதோடு வழக்கு முடிந்துவிடும் என்பார்கள். முடியாது. கற்பூரம் அடித்தவள் என்ற பேர் அவளுடைய பேத்தியின் கல்யாணப் பேச்சு வரைக்கும் கூடவே நடந்து வரும்.

கமலவேணி அந்தப் போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு, அனுபவமுள்ள துப்பறிவாளருக்கே உரிய மென்மையான குரலில் கேட்டாள்:

"எடுத்தத எங்கக்கா வெச்சிருக்கீங்க?"

பெரியநாயகி கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அந்தக் கும்பிடு இப்போது கேமரா கடைக்குள்ளும் கமலவேணியோடு வந்து நின்றது.

கடை மலாக்கா டவுனில், ஒரு பல் மருத்துவமனையின் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. நடத்துபவள் தேவிஸ்ரீ. பழைய கேமராக்கள், பழைய லென்ஸுகள். போட்டோவை எடுத்தவன் வசந்தன், சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் ஸ்டோர் கிளார்க். கோயில் விழாக்களில் படம் எடுப்பவன். குழுவில் யாரோ அந்தப் படத்தைப் பாராட்டியதற்கு, 'கடையில் லென்ஸ் ட்ரை பண்ணக் கொடுத்தார்கள்' என்று அவன் பதில் போட்டிருந்தான். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருந்தார்கள்.

வந்திருந்தார்கள் என்றால், கமலவேணியும் கோகுலராஜும். கோகுலராஜ் முன்பு கல்யாண மண்டபங்களில் மைக் பிடித்தவன். மாப்பிள்ளை வீட்டாரைக் கிண்டல் செய்து மைக்கை இழந்தவன். இப்போது கமலவேணிக்குக் கார் ஓட்டுகிறான், பேசுகிறான். இரண்டில் காரைத்தான் கொஞ்சம் பார்த்து ஓட்டுவான்.

வந்தவர்களை வாடிக்கையாளர்கள் என்று எடுத்துக்கொண்ட தேவிஸ்ரீ, கண்ணாடிப் பெட்டியிலிருந்து மூன்று லென்ஸுகளை எடுத்து வைத்தாள்: முப்பத்தைந்து, ஐம்பது, தொண்ணூறு மில்லிமீட்டர். எண் ஏற ஏறத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்.

"முப்பத்தஞ்சு வாங்குறவங்க சண்டைக்குப் பக்கத்துல போறவங்க. அம்பது வாங்குறவங்க குடும்பஸ்தர்ங்க. தொண்ணூறு வாங்குறவங்க ஜன்னலோரமா நின்னு பாக்குறவங்க."

"எனக்கு எதும்மா?" என்றான் கோகுலராஜ்.

"உங்களுக்கு மூடி போதும்லா அண்ணே."

கமலவேணி வசந்தனைப் பற்றிக் கேட்டாள். தேவிஸ்ரீக்கு நன்றாக நினைவிருந்தது. பிடித்த லென்ஸைக் கொண்டுபோய் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்பது அவள் கடையின் வழக்கம். திருவிழாவுக்கு முதல் நாள் வசந்தன் வந்து வெகுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டு முப்பத்தைந்தைக் கொண்டு போனான். சரியான தேர்வு என்றாள் அவள். கோயிலுக்குள்ளே இருட்டு, நெரிசல். ஆட்களுக்கு நடுவில் நுழைந்து எடுக்க அதுதான் தோது. ஆனால் மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே வந்து நின்று, அதைக் கொடுத்துவிட்டுத் தொண்ணூறைக் கேட்டான். கோயிலுக்கு எதற்கு அது என்று அவள் வாதாடினாள். அவன் வாதாடவில்லை. கொடுங்கள் என்று மட்டும் சொன்னான்.

"ஒரே ராத்திரியில மீசையையும் எடுத்துட்டு வந்திருந்தாரு. லென்ஸோட சேத்து மீசையையும் மாத்திட்டீங்களாண்ணே அப்படின்னேன். வேலையிடத்துல மாஸ்க் போட மீசை இருக்கக் கூடாதாம், ரூல்னு சொன்னாரு. சிரிக்கல."

விழா முடிந்ததும் தொண்ணூறையும் திருப்பிக் கொடுத்துவிட்டான். எந்த லென்ஸுமே வேண்டாம் என்று போய்விட்டானாம்.

கமலவேணி தொண்ணூறைக் கேமராவில் பூட்டிக் காட்டச் சொன்னாள். அது ரேஞ்ச்ஃபைண்டர் வகை, வசந்தனுடையதும் அதுதான். அதில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. ஓரத்தில் தனியாக ஒரு சிறு ஜன்னல். ஜன்னலுக்குள் வெள்ளைக் கோட்டில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் விழுவதுதான் படமாகும். முப்பத்தைந்தைப் பூட்டினால் கட்டம் ஜன்னல் முழுவதும் விரியும். தொண்ணூறைப் பூட்டினால் நடுவில் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும்.

கோகுலராஜ் கடையின் அந்தக் கோடியிலிருந்து கண்ணை வைத்துப் பார்த்தான்.

"அக்கா, கட்டத்துக்குள்ள உங்க மூஞ்சி மட்டும்தான் இருக்கு. அதுவும் கோவமா."

கமலவேணி கைப்பேசியில் அந்தப் படத்தைத் திறந்தாள். தலையிலிருந்து முழங்கால் வரை பெரியநாயகி. திருவாசியோடு முழு அம்மன். மேலே தொங்கும் மணி. கோயிலுக்குள்ளே, தூண் பக்கத்தில் நின்று எடுத்ததாக வசந்தன் சொன்னான் என்று தலைவர் காலையில் போனில் சொல்லியிருந்தார். அவர் சொன்னபடி தூணுக்கும் கயிற்றுக்கும் இந்தக் கடையின் நீளம்கூட இருக்காது.

"என்னை முழங்கால் வரைக்கும் கட்டத்துல கொண்டு வா" என்றாள்.

கோகுலராஜ் பின்னால் நடந்தான். கதவைத் தாண்டினான். நடைபாதையைத் தாண்டினான். ஒரு மோட்டார் சைக்கிள்காரனிடம் மலாயில் திட்டு வாங்கிக்கொண்டு எதிர்ப்புறம் போய் நின்று கட்டைவிரலை உயர்த்தினான். கமலவேணி, ஏதோ தோன்ற, வலது கையை முன்னால் நீட்டினாள். அவளுக்கு வெகு பின்னால், மேசைக்கு அந்தப் பக்கம் தேவிஸ்ரீ நின்றிருந்தாள்.

கோகுலராஜ் கேமராவை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்தான். பிறகு சாலையைக் கடந்து வந்து, வழக்கமில்லாத தணிந்த குரலில் சொன்னான்:

"நீங்க அவங்க கழுத்தப் பிடிச்சிருக்கீங்கக்கா."

தூரத்திலிருந்து பார்த்தால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒட்டிக்கொள்ளும் என்று தேவிஸ்ரீ விளக்கினாள். தூரம் ஒட்ட வைக்கிறது. லென்ஸ் அதை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகிறது. கமலவேணி அதைப் பாதிதான் கேட்டாள். காற்றில் நீட்டிய தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி நீட்டிய ஒரு கையை நம்பித்தான் காலையில் ஒரு பெண்ணிடம், எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டோம். மென்மையாக வேறு கேட்டோம். காதோரம் சூடேறியது. அவள் கேமராவை லென்ஸோடு ஒரு நாளைக்கு இரவல் வாங்கிக்கொண்டாள்.

காரில் கோகுலராஜ் வழக்குக்கே முடிவுரை வாசித்துவிட்டான். வசந்தன் உள்ளே நிற்கவில்லை. வெளியே நின்று எடுத்திருக்கிறான். பெரியநாயகி கயிற்றைத் தாண்டவில்லை. தலைவரிடம் சொன்னால் முடிந்தது.

"அவர் உள்ள நின்னேன்னு சொல்லியிருக்காரே. போட்டோ எடுத்தவர் பேச்சா, நம்ம பேச்சா?" என்றாள் கமலவேணி.

ஏன் அப்படிச் சொன்னான் என்பதுதான் அவளை அரித்தது. முப்பத்தைந்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தவன், ஓர் இரவுக்குள் மனதை மாற்றி, நெருங்கத் தேவையில்லாத லென்ஸைக் கேட்டிருக்கிறான். லென்ஸ் மாறிய இரவில்தான் மீசையும் போயிருக்கிறது.

சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலைக்கு அருகில் ரொட்டியும் தோசையும் போடும் சாப்பாட்டுக் கடையில் காரை நிறுத்தச் சொன்னாள். கோகுலராஜ் இறங்கிப் போய் ஒரு மேசையில் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசி, இரண்டு தோசையும் தின்றுவிட்டு வந்தான். மாஸ்க் ரூல் உண்டாம். ஆலைக்குள் இறங்கி வேலை செய்பவர்களுக்குத்தான். ஸ்டோர் கவுண்டரில் உட்காருபவர்களுக்குக் கிடையாது. பேசிய ஆளே ஸ்டோர்காரர்தான்; அவர் தாடியால் மேசையைத் துடைத்துவிடலாம் போலிருந்தது என்றான்.

கமலவேணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "மீசைய எடுத்தவன். கோயில் வாசலத் தாண்டாதவன்."

"தீட்டு" என்றான் கோகுலராஜ் உடனே. அடுத்த நொடி தலையை ஆட்டினான். அப்பா அம்மாவுக்குத்தான் மீசை எடுப்பார்கள். வசந்தனின் அம்மா அவன் சிறுவயதிலேயே போய்விட்டாள். அப்பா சாமிக்கண்ணு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன இடத்தில் இறந்துவிட்டார். வசந்தன் கல்யாணத்துக்கு முன்பே. காலையில் போனில் தலைவரே சொன்ன கதை அது. "ஒருத்தர் ரெண்டு தடவ சாக முடியாதுலா அக்கா."

"முதல் தடவ சாகலன்னா முடியும்."

கோகுலராஜ் காரைக் கிளப்பினான்.

வசந்தன் வீட்டில் தனியாக இருந்தான். நாற்பதைத் தாண்டிய, ஒழுங்காகச் சட்டை மாட்டிய மனிதன். மேலுதடு மட்டும் புதிதாக, பழக்கமில்லாததுபோல் இருந்தது. பேசும்போது அடிக்கடி கையால் அதை மறைத்துக்கொண்டான். கேமராவைப் பார்த்ததும் லென்ஸைப் பற்றித்தான் பேசப்போகிறார்கள் என்று நினைத்து, தூண் பக்கத்தில் நின்ற கதையை மறுபடி தொடங்கினான். கமலவேணி அதை முடிக்க விடவில்லை.

"அப்பாவ எங்க வெச்சு எரிச்சீங்க?"

அவன் சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கமலவேணிக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சுவரில் அவன் எடுத்த படங்கள் இருந்தன. மனைவி, மகள், மாமனார் குடும்பம். அவற்றில் அப்பா இல்லை.

சிரம்பான் பக்கத்தில் என்றான். அங்கே ஒரு முதியோர் இல்லம். சாமிக்கண்ணு சிங்கப்பூருக்குப் போகவே இல்லை. குடிகாரர், பஸ் நிலையத்தில் தெரிந்தவர்களிடமெல்லாம் கை நீட்டுவார். வசந்தனின் நிச்சயதார்த்தத்துக்குக் குடித்துவிட்டு வந்து, பெண் வீட்டார் கொண்டுவந்த தட்டுகள்மேல் விழுந்தார். யார் இவர் என்று பெண்ணின் அண்ணன் கேட்டபோது, தெரிந்த ஆள் என்று வாயில் வந்துவிட்டது. வந்த சொல்லைத் திருப்பி எடுக்கத் தெரியாமல், அடுத்த வாரமே அவரை இல்லத்தில் சேர்த்துவிட்டு, அப்பா சிங்கப்பூரில் இறந்துவிட்டார் என்று ஊருக்குச் சொல்லிவிட்டான். தீபாவளிக்கு முந்தின நாள் மட்டும் போய்ப் பார்ப்பான். ஆபீஸ் வேலை என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டு.

திருவிழாவுக்கு முந்தின இரவு இல்லத்திலிருந்து போன் வந்தது. போனான். இல்லத்தாரே எல்லாம் ஏற்பாடு செய்திருந்தார்கள்; அந்த இரவே கொள்ளி வைத்தான். மொட்டை அடித்தால் கேள்வி வரும்; மீசையை மட்டும் எடுத்தான். இல்லாதவராக்கிவிட்ட மனிதருக்கு, இதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்றிருந்தது. கருமாதி முடியும்வரை கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. படம் எடுக்க வர முடியாது என்று தலைவரிடம் சொன்னால் ஏன் என்பார். அதனால்தான் தொண்ணூறு.

வெளியே நின்றே எடுத்தான். யாருமில்லாத மண்டபத்தில் பெரியநாயகி கை நீட்டி நின்றது அவனுக்கு அழகாகத் தெரிந்தது. எங்கே நின்று எடுத்தாய் என்று தலைவர் கேட்டபோது, தூண் பக்கத்தில் என்றான். தாலி காணோம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. தெரிந்த பிறகு அந்தப் பொய் சாட்சியமாகிவிட்டது.

சாயங்காலம் வந்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்றாள் கமலவேணி. அவன் தலையை ஆட்டினான்.

"என்னால முடியாதுங்க. மகளுக்கு அவளோட தாத்தா சிங்கப்பூர்ல செத்தவரு. சாமி ரூம்ல அவரு போட்டோவுக்குத் தீபாவளிக்குப் பலகாரம் வெச்சுக் கும்பிடுறா. அவரு அப்ப உயிரோட இருந்தாரு."

கமலவேணி எழுந்துகொண்டாள். கட்டாயப்படுத்தும் சொற்கள் அவளிடம் நிறைய இருந்தன. எல்லாம் வாயருகில் வந்து, காலையில் தான் கேட்ட அந்த மென்மையான கேள்வியைப்போலவே ஒலிக்கும் என்று தோன்றி நின்றுவிட்டன.

நியாலாஸ் போகும் வழியெல்லாம் செம்பனைத் தோட்டங்கள். கோகுலராஜ், நாமே சொல்லிவிடலாமா என்று கேட்டான். சொல்லலாம். ஒரு பெண்ணின் மானத்தை மீட்க இன்னொரு மனிதனின் மானத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். தொழிலில் பலமுறை அவள் அதைச் செய்திருக்கிறாள். இன்று கை வரவில்லை.

"வேணாம். கட்டமே சொல்லட்டும்" என்றாள்.

கோயிலில் கூட்டம் சேர்ந்திருந்தது. பெரியநாயகி புடவை மாற்றிக்கொண்டு, கயிற்றுக்கு முன்னால் நின்றிருந்தாள். ஸ்டூலின்மேல் கற்பூரத் தட்டு. பரமேஸ்வரன், தோட்டத்தில் கங்காணி வேலை பார்த்து ஓய்வுபெற்ற மண்டோர், ஒயர் இல்லாத மைக்கைக் கையில் வைத்திருந்தார். கமலவேணி அவர் காதருகே போய், ஒரே ஒரு காரியம் செய்துவிட்டுப் பிறகு கற்பூரம் ஏற்றலாம் என்று கேட்டுக்கொண்டாள். படம் எடுத்த அதே கேமரா வகை, அதே லென்ஸ். இதோ தூண். இங்கிருந்து அந்தப் படத்தில் உள்ளதெல்லாம் கட்டத்துக்குள் விழுகிறதா என்று பாருங்கள்.

அவர் வேண்டாவெறுப்பாகக் கண்ணை வைத்தார். "அம்மன் கிரீடம்தாம்மா தெரியுது."

"கொஞ்சம் பின்னால வாங்க ஐயா."

வந்தார். அம்மன் முகம் வந்தது. இன்னும் பின்னால் வந்தார். பெரியநாயகியின் தலையும் தோளும் வந்தன. பலிபீடத்தைத் தாண்டினார். கூட்டம் அவருக்கு வழிவிட்டுக்கொண்டே பின்தொடர்ந்தது. கேமராவும் கண்ணுமாக ஒரு தலைவர் பின்புறமாக நடப்பதை அந்தக் கோயில் அதற்கு முன் கண்டதில்லை. கமலவேணி மண்டபத்துக்குள் திரும்பிப் பார்த்து, அன்று செய்ததுபோல் கை நீட்டச் சொல்லிக் கேட்டாள். பெரியநாயகி நீட்டினாள். பரமேஸ்வரன் வாசற்படியைத் தாண்டி வெளியே கால் வைத்தார்.

"மணி வந்துருச்சு. எல்லாம் வந்துருச்சு" என்றார். பிறகு கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே முணுமுணுத்தார். "கை... அங்கதான் படுது. அவ கயித்துக்கு இந்தப் பக்கம் நிக்குறா."

இன்னும் அரை அடி பின்னால் நகர்ந்தவர் யார்மீதோ இடித்துக்கொண்டார்.

திரும்பினார். வசந்தன் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. மதில் ஓரமாக, அன்று நின்ற அதே இடத்தில் நின்றிருந்தான்.

"நீ ஏம்பா இங்க நிக்குற? உள்ள வா."

"வரக் கூடாதுங்க ஐயா."

பரமேஸ்வரன் அவன் மேலுதட்டைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். அவனுடைய கால்கள் படிக்கு எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பார்த்தார். அந்த ஊரில் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

"யாருக்கு?" என்றார்.

"அப்பாவுக்கு."

அருகிலிருந்த நாலைந்து பேருக்கு மட்டும் அது கேட்டது. சிங்கப்பூர்க் கதை பொய் என்று புரிந்துகொண்ட பரமேஸ்வரன் பெருமூச்சு விட்டு, அவன் தோளைத் தொடப்போய், தீட்டு நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார். இது வெளியே போக வேண்டாம் என்றார் தணிந்த குரலில். பெரியநாயகியை வீட்டுக்குப் போகச் சொல்லிவிடலாம், தாலியை வேறு விதமாக விசாரிப்போம், யாருக்கும் சங்கடமில்லை. வசந்தன் நன்றியோடு தலையசைத்தான். கமலவேணிக்கும், கேவலமாக, ஒரு நிம்மதி வந்தது.

பரமேஸ்வரன் உள்ளே போய்ப் பெரியநாயகியிடம் சொன்னார். அவள் நகரவில்லை.

"காலையில மைக்குல கூப்பிட்டீங்க" என்றாள். "மைக்குல சொல்லுங்க."

தலைவர் மைக்கை வாயருகில் கொண்டுபோனார். அது இரைந்தது. எப்படித் தொடங்கினாலும், போட்டோ எப்படி அப்படி ஆனது என்பதில் போய் முடியும். அவர் மைக்கை இறக்கினார். கூட்டத்தில் பலர் தரையைப் பார்த்தார்கள். படத்தை மற்றவர்களுக்கு அனுப்பியவர்கள் அவர்கள்தான். கமலவேணியும் தரையைத்தான் பார்த்தாள்.

வாசலுக்கு வெளியிலிருந்து வசந்தன் கையை நீட்டினான். மைக் கை மாறிக் கை மாறி வாசலைத் தாண்டிப் போனது.

அவன் சொன்னான். பெரியநாயகி அக்கா எடுக்கவில்லை என்றான். நான் உள்ளே நிற்கவில்லை, பொய் சொன்னேன் என்றான். ஏன் வெளியே நின்றான் என்பதையும் விடவில்லை. சிரம்பான், முதியோர் இல்லம், போன வாரம் வைத்த கொள்ளி வரைக்கும் சொன்னான். ஒலிபெருக்கி அதை தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் வரைக்கும் கொண்டுபோனது.

பெரியநாயகி கற்பூரத் தட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். நீட்டிய கையை இன்னும் முழுதாக இறக்காதவள்போல் மெதுவாக நடந்து வந்தாள். கூட்டம் விலகியது. படியிறங்கி அவன் எதிரில் வந்து நின்றாள். தோட்டத்தில் சாமிக்கண்ணுவின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வளர்ந்தவள் அவள்.

"உங்கப்பன் சாவ மறைக்க நான் கற்பூரம் அடிக்கணுமா?" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் போய்விடுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். போகவில்லை. அவளுக்கு இன்னும் ஒன்று கேட்க இருந்தது.

"அவரக் குளிப்பாட்டினது யாரு?"

"அங்க வேலை செய்றவங்க."

"நீ ஒரு செம்பாவது ஊத்தினியா?"

அந்த ஒரு 'இல்லை'யை மட்டும் அவன் மைக்கை இறக்கிவிட்டுச் சொன்னான்.